ஒரு ஆள், ஒரு திரை, ஒரு கெடு

ஒரே ஆள். கையில் இரண்டு நாள். அதற்குள் ஒரு சின்ன உலகத்தை உருவாக்கிக் காட்ட வேண்டும். அந்த உலகத்தில் நடந்து போக நாலு இடம் இருக்கணும், பேச்சுக் கொடுக்க ரெண்டு பேர் இருக்கணும், கடைசியில் ஒரு கதை முடிந்த நிறைவும் இருக்கணும். கணினி விளையாட்டு செய்பவர்கள் இதைக் ‘கேம் ஜாம்’ என்கிறார்கள். அப்படி ஒரு 48 மணி நேர ஜாமுக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். செய்ய நினைப்பது எங்கள் ஊர் இராஜாக்கமங்கலத்தை. படம் கிடையாது. முழுக்க எழுத்து, அதுவும் தமிழில்.

இறங்குவதற்கு முன் எனக்குச் சில கேள்விகள் இருந்தன. தனியாளாக, கெடுவுக்குள், ஒரு கதை உலகத்தை உண்டாக்கும் வேலையை இதற்கு முன் யார் செய்தார்கள்? எதை வைத்துச் சமாளித்தார்கள்? எதையெல்லாம் விட்டுவிட்டார்கள்? சில வாரமாகப் படித்து எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்துத் தருகிறேன். பட்டியலில் முதலில் வருபவர் எங்கள் மாவட்டத்துக்காரரே.

விளக்குக்கும் திரைக்கும் நடுவில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஊர் மைதானத்தில் கம்பு நட்டு, துணி சுற்றி, சின்னதாக ஒரு கூத்தரங்கு கட்டுவார்கள். முன்பக்கம் வெள்ளைத் திரை. உள்ளே ஒரு விளக்கு தொங்கும். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இராமனை ஆட்டுவதும் அவர்தான், இராவணனை ஆட்டுவதும் அவர்தான். சீதைக்கு ஒரு குரல், கூனிக்கு ஒரு குரல், அனுமனுக்கு ஒரு குரல், எல்லாமே அவருடைய தொண்டையிலிருந்து வர வேண்டும். வீட்டுப் பெண்களோ மகனோ பக்கத்தில் இருந்து பாட்டுக்கும் தாளத்துக்கும் துணை செய்வார்கள். ஆனாலும் கதை, ஆட்டம், பேச்சு மூன்றும் ஒரே ஆள் பொறுப்பு.

இந்தக் கலையைச் செய்பவர்கள் மண்டிகர் எனப்படும் சமூகத்தினர். வீட்டில் பேசுவது மராத்தி, திரைக்குப் பின்னால் பேசுவது தமிழ். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. அந்த ஆட்சியோடு தமிழகத்துக்கு வந்து, பிறகு மதுரை, திருநெல்வேலி, நாஞ்சில் நாடு என்று தெற்கே பரவினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. நாகர்கோவிலைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் கலைஞர்களைத் தேடிப் போய் அவர்களுடைய வாழ்க்கையையும் நிகழ்த்தும் முறையையும் பதிவு செய்திருக்கிறார். அவர் போன்றவர்கள் எழுதி வைக்காவிட்டால் இந்தப் பகுதியை நான் எழுதியிருக்கவே முடியாது.

வழக்கமான நிகழ்ச்சி இராமாயணம். பத்து இரவு. ஒரு ஊரில் முகாம் போட்டு, ஒவ்வொரு இரவும் ஒரு பகுதியாகச் சொல்லிக்கொண்டு போய்ப் பட்டாபிஷேகத்தில் முடிப்பார்கள். நல்லதங்காள், அரிச்சந்திரன் மாதிரியான கதைகளும் உண்டு. கம்பன் சொல்லாத மயில்ராவணன் கதையும் இராமாயணத்துக்குள் புகுந்துகொள்ளும்.

ஒரு ப்ரோகிராமர் கண்ணோடு இதைப் பாருங்க. பத்து நாளில் ஒரு தனியாள் அயோத்தி, காடு, கிஷ்கிந்தை, இலங்கை எல்லாவற்றையும் ஒரு துணித்திரையில் கொண்டுவர வேண்டும். அடுத்த இரவு தள்ளிப் போகாது. இன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னால் நாளைக்குக் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் சாப்பாடு கிடையாது. கெடு என்றால் இதுதான் கெடு.

இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதில் எனக்கு நாலு விஷயம் கிடைத்தது.

முதல் விஷயம், உறுப்புகள் முன்கூட்டியே தயார். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, துளையிட்டு, சாயமேற்றிய பாவைகள் பெட்டிக்குள் இருக்கும். செய்ய நாளாகும், ஆனால் கூத்து நடக்கும்போது அந்த நேரம் கணக்கில் வராது. ஒரு கதையில் அரசனாக வந்த பாவை இன்னொரு கதையில் வேறொரு அரசனாக வரலாம். மரத்தடியில் இருக்கும் சீதை போன்ற காட்சி, மரமும் ஆளுமாக ஒரே தோல் துண்டில் அமைந்துவிடும்.

இரண்டாவது, மனிதனுக்கு இருப்பது இரண்டு கை. திரையில் ஒரே சமயத்தில் அசைந்து பேசக்கூடியவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. அதனால் எவ்வளவு பெரிய போரும் இரண்டு பேர் மோதலாகவே எழுதப்படுகிறது. கதையின் வடிவத்தைக் கை எண்ணிக்கை முடிவு செய்கிறது.

மூன்றாவது, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். கூத்தின் கோமாளிகள் இவர்கள். இராமாயணத்துக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நடுவில் வந்து ஊர்க்கதை பேசி, கேலி செய்து, சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள். கதை சீக்கிரம் முடிகிற மாதிரி இருந்தால் இவர்களை வைத்து நீட்டலாம், நேரமாகிவிட்டால் சுருக்கலாம். நேரத்தைச் சரிக்கட்டும் ஆணி இவர்கள்தான்.

நாலாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தத் திரையில் பின்னணி என்று எதுவும் கிடையாது. அரண்மனைச் சுவர் இல்லை, கடல் இல்லை. இராமன் வந்து நின்று ‘அயோத்தி’ என்றால் அயோத்தி. பார்க்கிறவர்கள் ஊரை மனசிலேயே கொண்டு வந்திருக்கிறார்கள். கூத்துக்காரர் செய்யாமல் விட்ட பாதி உலகத்தைக் கூட்டம் செய்துகொள்கிறது.

இந்த அமைப்பு எல்லா நிழற்கூத்துக்கும் பொதுவானது இல்லை. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே கூத்துமாடம் என்று நிரந்தரமான கட்டடம் இருக்கிறது. நீண்ட திரை, பின்னால் வரிசையாக 21 விளக்கு. புலவர்கள் பலர் சேர்ந்து கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி விளக்கம் தருவார்கள். 7, 14, 21 நாள் என்று போகும். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடத்துகிறோம் என்பது அங்குள்ள ஐதிகம். எதிரே ஒரு மனிதர்கூட உட்காரவில்லை என்றாலும் கூத்து நடக்கும், அம்மன் பார்க்கிறாள். நாஞ்சில் நாட்டுக் கூத்துக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. மனிதர்கள் பார்த்தால்தான் உண்டு.

தனியாள் என்ற வகையில் நம்மவருக்கு நெருங்கிய உறவினர் ஜாவாத் தீவில் இருக்கிறார். வயாங் கூலித் நிழற்கூத்தை நடத்தும் ‘டாலாங்’. இரவு தொடங்கி விடிய விடிய, எல்லாப் பாவையையும் ஆட்டுவது, எல்லாக் குரலும் பேசுவது, பாவைப் பெட்டியைக் கட்டையால் தட்டி கமலான் இசைக்குழுவுக்கு ஜாடை கொடுப்பது, எல்லாம் அவர் ஒருவர்தான். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்ட, மலை வடிவத்தில் இருக்கும் ‘குனுங்கான்’ என்ற பாவையைத் திரை நடுவில் நட்டுவிடுவார். ஒரே தோல் துண்டு, தேவைக்கு ஏற்ப மலை, காடு, நெருப்பு. இதுவும் அதே சிக்கனம்தான்.

குகையை அளந்தவர்

இனி கணினிக்கு வருவோம். எழுத்தாலான கணினி உலகங்களின் தாய் என்று ‘அட்வென்ச்சர்’ என்ற ப்ரோகிராமைச் சொல்வார்கள். எழுதியவர் வில் கிரவுதர். அமெரிக்காவில் பிபிஎன் நிறுவனத்தில் வேலை. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டைக் கட்டியவர்களில் ஒருவர். வேலை நேரம் போக அவருக்குக் குகைகளில் இறங்குவது பித்து. அவரும் மனைவி பாட்ரீஷியாவும் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியில் இறங்கி, அளந்து, வரைபடம் தயாரித்தவர்கள். மாமத் குகையும் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் உள்ளுக்குள்ளே இணைந்திருக்கின்றன என்று 1972-ல் கண்டுபிடித்த குழுவில் பாட்ரீஷியா இருந்தார்.

பிறகு இருவருக்கும் மணமுறிவு. கிரவுதர் 1975, 76 வாக்கில், தன் இரண்டு மகள்களும் விளையாடட்டும் என்று, தான் அளந்த குகையை ஒரு விளையாட்டாக எழுதினார். படம் இல்லை. ‘நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கிறாய்’ என்கிற மாதிரி கணினி சொல்லும், நீங்கள் ஒன்றிரண்டு வார்த்தையில் கட்டளை தட்ட வேண்டும். வடக்கே போகலாம், விளக்கை எடுக்கலாம்.

அளவைப் பாருங்க. ஃபோர்ட்ரான் மொழியில் சுமார் 700 வரி ப்ரோகிராம். அதோடு சுமார் 700 வரி தரவு. அந்தத் தரவுக்குள் 66 அறைகளும் 193 சொற்களும் அடக்கம். அவ்வளவுதான் உலகம்.

அலுவலக வேலைக்கு நடுவே ஒரு தனியாளால் இதை எப்படி முடிக்க முடிந்தது? அந்த உலகத்தை அவர் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. வருஷக்கணக்காகத் தவழ்ந்து அளந்த இடம் அது. எந்தப் பொந்து எங்கே திறக்கும் என்று வரைபடம் ஏற்கெனவே இருந்தது. கூத்துக்காரரின் பாவைப் பெட்டி மாதிரி, கிரவுதரிடம் குகை வரைபடம். பிற்பாடு 2007-ல் டெனிஸ் ஜெர்ஸ் என்ற ஆய்வாளர் மூல ப்ரோகிராமையும் நிஜக் குகையையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை, விளையாட்டில் வருகிற இடங்கள் எவ்வளவு தூரம் நிஜத்தை ஒட்டியவை என்று காட்டியது.

ஐந்து வாரம்

அடுத்தவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. அட்டாரி நிறுவனத்தின் விளையாட்டுப் பொறியாளர். அந்தக் காலத்து அட்டாரியில் ஒரு கார்ட்ரிட்ஜ் என்றால் பொதுவாக ஒரு ஆள். வடிவமைப்பு, படம், ஒலி, ப்ரோகிராம் எல்லாம் அவரே. வாரன் ராபினெட் என்பவர், கிரவுதரின் விளையாட்டைப் பார்த்து உந்தப்பட்டு, 4 கிலோபைட்டுக்குள் 30 அறை கொண்ட ஒரு பட உலகத்தை இப்படித் தனியாகச் செய்தார். பெட்டியில் தன் பெயரைப் போட நிறுவனம் மறுக்கும் என்பதால் ஒரு ரகசிய அறைக்குள் பெயரை ஒளித்துவைத்தார்.

வார்ஷாவுக்கு வந்த சோதனை வேறு. 1982 ஜூலை 27-ஆம் தேதி மேலிடத்திலிருந்து போன். ஸ்பீல்பர்க்கின் ‘ஈ.டி.’ படத்தை விளையாட்டாகச் செய்யணும். கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வர வேண்டும் என்பதால் செப்டம்பர் 1-க்குள் முடிக்கணும். வழக்கமாகப் பல மாதம் பிடிக்கும் வேலைக்கு ஐந்து வாரம். அதிலும் முதல் 36 மணி நேரத்துக்குள் திட்டத்தைத் தயார் செய்து ஸ்பீல்பர்க் முன்னால் நிற்கணும்.

அவர் செய்து முடித்தார். இதை அழுத்திச் சொல்லணும், ஏனென்றால் கதை சொல்கிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜில், ஒரு கனசதுரத்தின் ஆறு பக்கங்கள் போல ஆறு திரைகளை இணைத்து ஒரு உலகம். ஈ.டி. அதில் நடந்து, குழிகளில் இறங்கி, போனின் மூன்று துண்டுகளைத் தேடிச் சேர்த்து வீட்டுக்குப் பேச வேண்டும். ஐந்து வாரத்துக்கு இது கெட்டிக்காரத்தனமான திட்டம்.

விளையாடின பிள்ளைகளுக்கு நடந்தது வேறு. கால் வைத்த இடமெல்லாம் குழி. ஏறி வந்தால் மறுபடி விழுந்தார்கள், ஏன் விழுந்தோம் என்றே புரியவில்லை. நேரம் இல்லாததால் வெளியாட்களிடம் கொடுத்து விளையாடிப் பார்க்கும் சோதனையை நிறுவனம் தவிர்த்துவிட்டது. இலட்சக்கணக்கான கார்ட்ரிட்ஜ்கள் திரும்பி வந்தன, தேங்கின. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அட்டாரி தன் சரக்கை லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தது. 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது மற்ற விளையாட்டுகளோடு ஈ.டி.யும் கிடைத்தது. அமெரிக்க விளையாட்டுத் துறை அந்த வருஷம் சரிந்ததற்கு இந்த ஒன்று மட்டும் காரணமல்ல. பழி மட்டும் இதன் தலையில் விழுந்தது.

இங்கேதான் கூத்துக்காரரையும் வார்ஷாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டு பேருமே தனியாள், இரண்டு பேருக்குமே கெடு. ஆனால் கூத்துக்காரருக்கு ஒவ்வொரு இரவும் சோதனை நடக்கிறது. கொட்டாவி கேட்டால் திரைக்குப் பின்னால் அவருக்குத் தெரியும், உடனே உச்சிக்குடும்பனைக் கூப்பிடுவார். பிள்ளைகள் குழியில் விழுவதை வார்ஷா பார்க்கவே இல்லை. பார்ப்பதற்கான நாட்களைக் காலண்டரிலிருந்து வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். கெடு ஒரு உலகத்தைச் சின்னதாக்கினால் பெரிய கேடு இல்லை, பார்ப்பவரின் முகத்தைப் பார்க்கும் நேரத்தைத் தின்றால்தான் கேடு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

கெடுவைத் தாமே கேட்டு வாங்கியவர்கள்

2002 ஏப்ரலில் ஜியோஃப் ஹோலண்ட் என்பவர் ‘லூடும் டாரே’ என்ற இணையப் போட்டியைத் தொடங்கினார். சீக்கிரமே 48 மணி நேரம் என்பது அதன் அடையாளமாயிற்று. தலைப்பை ஓட்டுப் போட்டு முடிவு செய்து, கடிகாரம் ஓடத் தொடங்கும்போது அறிவிப்பார்கள். முக்கியப் பிரிவில் தனியாள் மட்டும்தான். படம், ஒலி எல்லாமே அந்த 48 மணி நேரத்துக்குள் செய்ததாக இருக்கணும். மைன்கிராஃப்ட் புகழ் மார்கஸ் பெர்சன் 2011 டிசம்பரில் இதில் கலந்துகொண்டு ‘மினிகிராஃப்ட்’ செய்தார். அந்த முறை தலைப்பு ‘தனியாக’.

எழுத்து விளையாட்டுக்காரர்களிடம் இதற்கும் முந்தைய ஒரு வழக்கம் உண்டு. 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கும் அவர்களுடைய போட்டியில், நடுவர் முதல் இரண்டு மணி நேர ஆட்டத்தை வைத்தே மதிப்பெண் போட வேண்டும். கெடு எழுதுகிறவருக்கு மட்டுமல்ல, படிக்கிறவருக்கும். இந்த ஒரு விதி சின்ன உலகங்களுக்கு மரியாதை சேர்த்தது. 2009-ல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய ‘ட்வைன்’ கருவி வந்தபிறகு ப்ரோகிராம் தெரியாதவர்களும் இணைப்புகளைச் சொடுக்கிப் போகும் கதைகளை எழுதத் தொடங்கினார்கள்.

தனியாள் வேலை இல்லை என்றாலும் ‘வெண்பா’வையும் இங்கே சேர்க்கணும். டொரான்டோவில் ஒரு சிறு குழு 2023-ல் வெளியிட்ட விளையாட்டு. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. உலகத்தின் பெரும்பகுதி ஒரு சமையலறை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்ட படிகளைக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் இட்லிப் பாத்திரத்தைத் திறந்தவருக்கு அந்த வீடு முழுசாகத் தெரியும்.

கடலைப் பார், கடலை வாங்கு

இனி என் வேலை. கிரவுதர் மாதிரி, கட்டளை தட்டி விளையாடும் உலகம் செய்யலாமா என்று முதலில் பார்த்தேன். அவருடைய விளையாட்டு ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே கவனிக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும், பெயர்ச்சொல் உருமாறாது. தமிழில் ‘மரம்’ ‘மரத்தை’ ஆகும், ‘வீடு’ ‘வீட்டை’ ஆகும், ‘ஆறு’ ‘ஆற்றை’ ஆகும். போதாக்குறைக்கு ‘விளக்கை எடு’ என்று ஒருவர் தட்டுவார், ‘வெளக்க எடு’ என்று எங்க ஊர்க்காரர் தட்டுவார்.

கடற்கரை ஊரை வைத்து எழுதினால் இன்னொரு வேடிக்கையும் வரும். ‘கடலைப் பார்’ என்றால் சமுத்திரம். ‘கடலை வாங்கு’ என்றால் பொட்டலம். இரண்டையும் பிரித்தறிய ப்ரோகிராமுக்கு வினைச்சொல்லும் தெரியணும், ஒற்று மிகுந்ததா என்றும் தெரியணும், தட்டுகிறவர் ஒற்றைப் போட்டிருக்கவும் வேண்டும். ருசியான சிக்கல்தான், ஆனால் 48 மணி நேரத்தில் தொடக்கூடாத சிக்கல். அதனால் ட்வைன் வழியில், படிப்பவர் தேர்ந்தெடுத்துச் சொடுக்கும் முறை.

அடுத்து அளவு. ஒரு எளிய கணக்கு போட்டேன். 48 மணி நேரத்தில் தூக்கம் 12. சாப்பாடு, குளியல், கரண்ட் போவது எல்லாம் சேர்த்து 6. மிச்சம் 30. வார்ஷாவுக்குக் கிடைக்காத அந்தச் சோதனை நேரத்துக்கு 8 மணி நேரத்தை முதலிலேயே எடுத்து வைக்கிறேன். எழுத 22 மணி நேரம். ஒவ்வொரு இடத்துக்கும் விடியல், உச்சிவெயில், இரவு என்று மூன்று வர்ணனை வேண்டும். ஒன்றுக்கு 40 நிமிடம். 10 இடம் என்றால் 30 வர்ணனை, 20 மணி நேரம் போய்விடும். ஆட்கள் பேசுவதற்கும் கதை முடிவதற்கும் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். 5 இடம் என்றால் 15 வர்ணனை, 10 மணி நேரம். மிச்சம் 12. கதைக்கு அது போதும்.

ஆக, அஞ்சே இடம். ஒரு வீடு, தென்னந்தோப்பு, கடைத்தெரு, துறை, பொழி. கடலும் ஆறும் சேரும் இடத்தை எங்க பக்கத்தில் பொழி என்போம். ஆட்கள் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் பேசமாட்டார்கள், இருப்பது இரண்டு கைதான். இந்த ஐந்து இடத்தையும் நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நடந்தே அளந்தாச்சு. என் பெட்டியில் இருக்கும் பாவைகள் இவை.

ஒரு வேலை மட்டும் பாக்கி. கூத்துக்காரரின் கூட்டத்துக்கு அயோத்தி தெரியும். என் கதையைப் படிக்கப் போகிறவர்களில் பலருக்கு இராஜாக்கமங்கலம் தெரியாது. அவர்கள் மனசில் கொண்டுவராத ஊரை நான்தான் கொடுக்கணும். அதற்குத்தான் அந்த மூன்று வேளை வர்ணனை. வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்க மாட்டேன்.

பாவை இருக்கு, குரல் எங்கே?

குறிப்பெடுக்கும்போது நான் எதிர்பாராமல் வந்து மாட்டிய விஷயம் இது.

கிரவுதர் எழுதிய முதல் வடிவம் பல வருஷம் கையில் கிடைக்காமலே இருந்தது. உலகம் விளையாடியது, டான் வுட்ஸ் என்ற ஸ்டான்ஃபோர்ட் மாணவர் 1977-ல் விரிவாக்கிய வடிவத்தை. அவர் மூலத்தை வாங்கிய விதமே ஒரு கதை. கிரவுதர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல், அன்றைய ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிக்கும் ‘கிரவுதர்’ என்ற பெயருக்கு அஞ்சல் அனுப்பினார், ஒன்று சரியான ஆளைப் போய்ச் சேர்ந்தது. பிறகு முப்பது வருஷம் கழித்து ஜெர்ஸுக்கு அந்த முதல் வடிவம் எங்கே கிடைத்தது தெரியுமா? வுட்ஸின் பழைய மாணவர் கணக்கை ஸ்டான்ஃபோர்டில் யாரோ பிரதி எடுத்து வைத்திருந்தார்கள், அதற்குள். அப்படி ஒரு பிரதி இல்லாவிட்டால் அந்த 700 வரியும் போனதுதான்.

தனியாள் செய்த உலகத்துக்கு உள்ள ஆபத்து இது. குழுவாகச் செய்தால் பத்துப் பேர் நினைவில் துண்டு துண்டாகவாவது இருக்கும். தனியாளுடையது ஒரே இடத்தில் இருக்கிறது.

தோல்பாவைக்கூத்தில் இது இன்னும் கூர்மையானது. கிரவுதரின் உலகத்தை ப்ரோகிராம், தரவு என்று இரண்டாகப் பிரித்தோம் அல்லவா? கூத்தில் தரவு பாவைப் பெட்டியில் இருக்கிறது. ப்ரோகிராம் கூத்துக்காரரின் தலைக்குள் இருக்கிறது. எந்த இடத்தில் பாட்டு, எந்த இடத்தில் பேச்சு, கூட்டம் அசந்தால் எதை வெட்டுவது, இராவணன் குரலிலிருந்து சீதை குரலுக்கு ஒரே மூச்சில் எப்படித் தாவுவது என்பதெல்லாம் எழுதி வைத்ததில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து மகன் பிடித்துக்கொள்வது. சினிமா வந்தது, பிறகு டிவி வந்தது. கூட்டத்தைப் பிடித்து வைக்க சினிமாப் பாட்டும் ரெக்கார்டு டான்ஸும் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, பத்து இரவு தொண்டை கிழியப் பேசி என்ன கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கண்ணாடிக்குப் பின்னால் இராமன் பாவை அழகாகவே நிற்கும். ஆனால் அது, ஓட்ட இயந்திரம் இல்லாத கார்ட்ரிட்ஜ். குப்பைமேட்டுக்குப் போன ஈ.டி. விளையாட்டைக்கூட இன்றைக்கும் ஓட்டிப் பார்க்கலாம், அதன் ப்ரோகிராம் உள்ளேயே இருக்கிறது. பாவைக்குள் ஒன்றும் இல்லை.

லூடும் டாரேயின் தனியாள் பிரிவில் எல்லோரும் அவசரத்தில் கடந்துபோகும் ஒரு விதி உண்டு. விளையாட்டோடு மூல ப்ரோகிராமையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். ஏமாற்றாமல் இருக்க வைத்த விதிதான். என்றாலும், இந்தக் குறிப்புகளுக்குப் பிறகு எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. உலகத்தை மட்டும் காட்டாதே, அதை எப்படி ஆட்டினாய் என்பதையும் கொடுத்துவிட்டுப் போ என்கிறது அது.

அதனால் இராஜாக்கமங்கலத்தின் ஐந்து இடங்களும் எப்படி முடிந்தாலும், முழுக் கோப்பையும் இங்கேயே போட்டுவிடுவேன். வேறொருவர் எடுத்து ஆறாவது இடத்தைச் சேர்க்கட்டும்.

இன்னொன்று, இது எங்க மாவட்டத்துக்காரர்களுக்கு. பழைய கோயில் கொடைகளிலும் ஊர் மைதானங்களிலும் நடந்த பாவைக்கூத்தை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தவர்கள் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் பேர் எழுதாத ஒலிநாடா கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போடும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்க. இரைச்சலுக்கு நடுவே ஒரே ஆள் இரண்டு குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், அதை உடனே ஒரு பிரதி எடுங்க. நாடாவுக்கும் ஆயுள் குறைவு.